பயணப் பையில் ஒரு சவர பிரஷ்



கேரித் தீவிலிருந்து ஒரு தாய் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் காலமாகிவிட்டாராம். ஒரே மகன் கிள்ளான் துறைமுகத்தில் லோரிக் கம்பெனி ஒன்றில் கெலிண்டானாகச் சேர்ந்திருக்கிறான். வாரத்தில் நாலு நாள் வீட்டில் தங்குவதில்லை. முகம் மழித்துத்தான் வேலைக்கு வரவேண்டும் என்று கம்பெனியில் கண்டிப்பு. "டின்னில் அடைத்த நுரை வாங்கினால் மூன்று வாரம்கூட வருவதில்லை, ஐயா. அவன் அப்பா வைத்திருந்ததைப் போல ஒரு பிரஷ் வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். கடையில் கேட்டால் பன்றி முடி, குதிரை முடி, நைலான் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். ஊர் ஊராகப் போகிறவனுக்கு எது தோது? நீங்கள்தான் எழுத வேண்டும்" என்று முடித்திருக்கிறார்.

ஒரு சவர பிரஷ்ஷைப் பற்றி எழுத இந்த வாத்தியாருக்கு ஒரு பக்கம் தேவையா என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். இந்தச் சின்னச் சாமானால் நான் ஒரு முறை தலைகுனிந்து நிற்க நேர்ந்தது. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

முதலில், பிரஷ் எதற்கு? என் அப்பா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் முதல் நாள் மாலையிலேயே முகம் மழித்துக்கொள்வார். லயத்து வாசல் தூணில் ஒரு கைக்கண்ணாடி, அடியில் ஒரு பலகை, அதன்மேல் அலுமினியக் குவளையில் வெந்நீர். சோப்புக் கட்டியில் பிரஷ்ஷை நாலு சுற்றுச் சுற்றி முகத்தில் தேய்த்தால் நுரை பால் பொங்குவது போலப் பொங்கும். ஒரு கட்டி மாதக்கணக்கில் வரும். நாங்கள் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கன்னத்தை உப்பி உப்பிக் காட்டுவதை வேடிக்கை பார்ப்போம். மழித்து முடித்ததும் பிரஷ்ஷை மூன்று முறை உதறி, கூரை இறவாணத்தில் கட்டியிருந்த நூலில் தலைகீழாக மாட்டிவிடுவார். ஏன் அப்படி மாட்டினார் என்று அப்போது நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பிற்பாடு வேறொருவரிடம் போய்க் கற்றுக்கொள்ளும் வேலை எனக்கு மிச்சமாகியிருக்கும்.

தாடி முடி தண்ணீரில் ஊறினால்தான் மெதுவாகும். இரண்டு மூன்று நிமிடம் ஈரத்தில் இருந்தால் பிளேடு இழுக்காமல் ஓடும். பிரஷ் அந்த ஈரத்தை முகத்தில் பிடித்து நிறுத்துகிறது. படிந்து கிடக்கும் முடியைத் தூக்கி நிமிர்த்துகிறது. கொஞ்சம் சோப்பில் நிறைய நுரை எடுக்கிறது. கையால் பூசினால் இதில் பாதிதான் நடக்கும். ஆகவே அந்தத் தாய் நினைத்தது சரி. இருந்த இடத்தில் இருப்பவனைவிடப் பிரயாணம் செய்பவனுக்குப் பிரஷ்ஷால் லாபம் அதிகம். நுரை டின்னைப் போலப் பையில் அமுங்கிப் பீச்சாது. விமானம் ஏறினாலும் நூறு மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவம் கூடாது என்ற தொல்லை சோப்புக் கட்டிக்குக் கிடையாது. பிளேடை மட்டும் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

இனி முடி விஷயத்துக்கு வருவோம்.

பிரஷ்ஷின் உயிர் முடிக் கற்றையில் இருக்கிறது. உலகத்தில் நாலு வகை உண்டு. விலை உயர்ந்தது பேட்ஜர் என்ற வளை தோண்டும் பிராணியின் முடி. பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. மிருதுவானது, தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும். நல்ல ரகம் என்றால் விலை நூற்றுக்கணக்கில் போகும். நமக்கு அது வேண்டாம். லோரித் தொழிலாளி குளியலறையில் மறந்து வைத்துவிட்டு வந்தால் வயிறு எரியும். அடுத்தது பன்றி முடி. முரடானது, மலிவானது. புதிதில் ஒரு வாடை வீசும். ஒவ்வொரு முறையும் வெந்நீரில் ஊற வைக்க வேண்டும். பழகப் பழக நுனி பிளந்து மெதுவாகும். மூன்றாவது குதிரை முடி. பிடரியிலும் வாலிலும் கத்தரிப்பதால் இதற்காகக் குதிரையைக் கொல்ல வேண்டியதில்லை. நாலாவது நைலான் முதலிய செயற்கை இழை. அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 1938இல் நைலானை முதலில் விற்றதே பல் விளக்கும் பிரஷ்ஷில்தான். வெகு காலம் நைலான் சவர பிரஷ் என்றால் துடைப்பக் குச்சி போலக் குத்தும், தண்ணீர் நிற்காது என்று பெயர் கெட்டுக் கிடந்தது. இப்போது வருகிற இழை அப்படி இல்லை. மெல்லிசாக இழுத்து, நுனியைக் கூராக்கிச் செய்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் தேய்த்தால் வித்தியாசம் சொல்வது சிரமம்.

இவ்வளவும் இன்றைக்கு எனக்குத் தெரியும். 2016இல் தெரியாது.

அந்த ஆண்டு தீபாவளிக்குச் சாமான் வாங்க நானும் என் மனைவியும் கோமுட்டர் ஏறிப் பிரிக்பீல்ட்ஸ் போனோம். சென்ட்ரலில் இறங்கித் துன் சம்பந்தன் சாலைக்கு வந்தால் கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை. பழைய ரயில் பட்டறை நிலத்தில்தான் 2001இல் அந்தப் பெரிய நிலையம் எழும்பியது என்பதை வயதானவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சாமானெல்லாம் வாங்கி முடித்த பிறகு என் அக்காள் மகன் ஞாபகம் வந்தது. அவனும் லோரி வேலைக்காரன். கிள்ளான் துறைமுகத்தில் ஏற்றி, புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை வரைக்கும் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் ஓட வேண்டும். அவனுக்கு ஏதாவது கொடுக்கலாமே என்று ஒரு கடையில் நுழைந்தேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம். மரப்பிடி போட்ட அழகான சவர பிரஷ் ஒன்று கண்ணில் பட்டது. விலையும் சல்லிசு. பிடியில் ஆங்கிலத்தில் 'பியூர் பிரிசல்' என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது. சுத்தமான முடி என்று நானே பொருள் செய்துகொண்டு வாங்கிவிட்டேன்.

பிரிசல் என்றால் அகராதி முரட்டு முடி என்றுதான் சொல்லும். பிரஷ் வியாபாரத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. அங்கே பிரிசல் என்றால் பன்றி முடி.

மறு ஆண்டு 2017 பிப்ரவரி மாதம் செய்தி வந்தது. உள்நாட்டு வாணிப அமைச்சின் அதிகாரிகள் நாடு முழுவதும் கடைகளில் சோதனை போட்டு, பன்றி முடியில் செய்ததாகச் சந்தேகப்பட்ட சாய பிரஷ்களை எடுத்துப் போனார்கள். இரண்டாயிரத்துக்கும் மேல் பிடிபட்டன. பன்றி முடி பிரஷ்ஷை விற்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டத்தின் கீழ் 2013இல் ஓர் ஆணை வந்தது. பன்றியிலிருந்தோ நாயிலிருந்தோ செய்த பொருளாக இருந்தால் அதை அந்தப் பொருளிலேயே தெளிவாக எழுத வேண்டும். மற்றச் சாமானோடு கலக்காமல் தனியாக வைத்து விற்க வேண்டும். எழுதாமலும் பிரிக்காமலும் வைத்திருந்ததுதான் குற்றம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் இது நியாயமான ஏற்பாடு.

நான் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். சாய பிரஷ்ஷைப் பற்றித்தானே போட்டிருக்கிறது! என் அக்காள் மகன் அப்படி மடித்து வைக்கவில்லை. அன்றிரவு பத்து மணிக்கு டெலிபோன் வந்தது.

"மாமா, நீங்க வாங்கிக் குடுத்தீங்களே, அந்த பிரஷ்ல என்னா முடி மாமா?"

"ஏன் தம்பி?"

"பிடியில போட்டிருக்கிறத ஒவ்வொரு எழுத்தா படிக்கிறேன், கேளுங்க."

படித்தான். கேட்கக் கேட்க எனக்குக் கை வியர்த்தது. அவன் மெதுவாகச் சொன்னான்: "அபாங் ரெண்டு மூனு வாட்டி அதத்தான் போட்டாரு மாமா. அவரு பிரஷ்ஷ வீட்டுல மறந்துட்டு வந்த நாள்ல நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

அபாங் என்று அவன் சொன்னது கூட ஓடும் ஓட்டுநரை. மலாய்க்காரர், அவனைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தொழுகை தவறாதவர். இவனுக்குச் சாலையைக் கற்றுக் கொடுத்தவர். சம்பளம் தாமதமான மாதத்தில் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தவர். இரண்டு பேருக்கும் ஒரே பெட்டி, ஒரே சவரச் சாமான் பை.

வாசகர்களே, அப்போது நான் சொன்னதை இங்கே மறைக்கப் போவதில்லை. "நடந்தது நடந்து போச்சு தம்பி. அவருக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். பிரஷ்ஷத் தூக்கிப் போட்டுட்டு வாயை மூடிக்க" என்றேன். நாளும் பொழுதும் பிள்ளைகளை உட்கார வைத்து உண்மை பேசு, உண்மை பேசு என்று சொல்லிக் கொடுக்கிற வாய்தான் அதைச் சொல்லிற்று. அவன் "சரி மாமா" என்று வைத்துவிட்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் எழுந்ததும், சொல்லிவிடு என்று சொல்வதற்காக அவனைக் கூப்பிட்டேன். டெலிபோன் அடைத்துக் கிடந்தது. லோரி அதற்குள் கிளம்பிவிட்டிருந்தது.

மூன்று நாள் கழித்து அவனே கூப்பிட்டான். தாப்பா ஓய்விடத்தில் லோரியை நிறுத்தித் தேநீர் குடிக்கும்போது சொல்லிவிட்டானாம். அவர் ஒன்றும் பேசவில்லை. தேநீர் ஆறிப்போகும் மட்டும் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உனக்கு எப்போது தெரிந்தது?" இவன், "நேற்றிரவு" என்றான். "நேற்றிரவு தெரிந்ததை இன்று காலை சொல்கிறாய். சரி" என்று எழுந்து போய் லோரியைக் கிளப்பினார். எல்லை வரைக்கும் வானொலி போடவில்லையாம். திரும்பி வந்ததும் வீட்டுக்குப் போய், அவர்கள் முறைப்படி ஏழு தரம் கழுவி, அதில் ஒரு தரம் மண் கலந்த நீரால் கழுவிச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு பேச்சும் எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் அவர் நைலான் பிரஷ் இரண்டு வாங்கிக்கொண்டு வந்தார். பச்சைப் பிடி போட்டதைத் தான் வைத்துக்கொண்டு, சிவப்புப் பிடியை இவனிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "உன் சோப்புக் கட்டியை எடு, பார்ப்போம்" என்றார். பின்னால் பொடி எழுத்தில் போட்டிருப்பதை விரல் வைத்துக் காட்டினார். 'சோடியம் டாலோவேட்' என்று இருந்தது. டாலோ என்றால் மாடு ஆடுகளின் கொழுப்பு. "நீ மாட்டிறைச்சி தொடாதவன். இதை இவ்வளவு நாளும் முகத்தில் பூசியிருக்கிறாய். உனக்கும் யாரும் சொல்லவில்லை, பார்" என்றாராம். இருவரும் சிரித்திருக்கிறார்கள். என் அக்காள் மகன் இதைச் சொல்லும்போது அவனுக்குக் குரல் கம்மியது.

அந்த ஆண்டு ஹரி ராயாவுக்கு நானும் அவனோடு கிள்ளானில் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர், "தா அப்பா, சிக்கு" என்று என்னை உட்கார வைத்து, ரெண்டாங் பரிமாறினார். எனக்குக் கோழி, மாடு இல்லை என்று தட்டை வைக்கும்போதே சொன்னார். சாப்பிட்டு முடித்த பிறகு, பிரயாணத்தில் பிரஷ்ஷை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒரு பாடமே நடத்தினார். இருபது வருஷத்துக்கு மேல் சாலையில் இருந்தவர் அல்லவா! கீழே நான் எழுதுவதில் பாதி அவர் சொன்னது.

பிரயாணத்துக்கு நைலானே நல்லது என்று அவர் சொன்னதற்குக் காரணம் மதம் மட்டும் அல்ல. முக்கியமான காரணம் ஈரம். நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றில் எப்போதும் தண்ணீர் கலந்தே இருக்கிறது. காலையில் துவைத்துப் போட்ட சட்டை மாலை மழைக்கு முன் காயுமா என்று கவலைப்படுகிற ஊர் இது. பிராணிகளின் முடி தண்ணீரைத் தனக்குள்ளேயே உறிஞ்சிக்கொள்ளும். அது முழுக்கக் காய ஒரு பகல் பிடிக்கும். காயுமுன் டப்பாவில் அடைத்துப் பையில் திணித்தால் இரண்டு நாளில் பூஞ்சணம் வாடை அடிக்கும். கற்றையின் அடியில் கறுப்புப் புள்ளி விழும். பசை விட்டு முடி கொட்டும். நைலான் இழை அந்த அளவுக்குத் தண்ணீரைக் குடிப்பதில்லை. பெரும்பாலும் இழைகளுக்கு நடுவில்தான் ஈரம் நிற்கும். நன்றாக உதறி, துண்டில் நாலு முறை ஒற்றி எடுத்தால் முக்கால்வாசி ஈரம் போய்விடும். தினம் ஓர் ஊரில் விழிக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

துண்டில் ஒற்ற வேண்டுமே தவிரத் துணி பிழிவது போல முறுக்கக் கூடாது. முறுக்கினால் இழை அடியில் உடையும். உதறும்போதும் பக்கத்தில் கைகழுவும் தொட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் அக்காள் மகன் ஒரு முறை உதறிய வேகத்தில் பீங்கானில் மோதிப் பிடி விண்டுபோயிற்று.

கூடு ஒன்று வேண்டும். கடையில் பிரஷ்ஷோடு சேர்த்தே பிளாஸ்டிக் குழாய் விற்கிறார்கள். வாங்கினால் அதில் காற்று போக ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம். மருந்துக் கடையில் மாத்திரை போட்டுத் தரும் அகலமான பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுத்து, ஆணியைச் சுட்டு மேலும் கீழும் ஏழெட்டு ஓட்டை போட்டுக்கொண்டால் போதும். பிரஷ்ஷை உள்ளே திணிக்கும்போது ஓர இழைகள் பின்பக்கம் மடங்கிக்கொள்ளும். மடங்கியது மடங்கியதுதான், பிறகு நிமிராது. இதற்கு அந்த ஓட்டுநர் ஒரு தந்திரம் வைத்திருந்தார். கெட்டித் தாளைச் சுருட்டிக் கற்றையைச் சுற்றி வைத்து, தாளோடு சேர்த்து உள்ளே விட்டு, பிறகு தாளை மட்டும் உருவிவிடுவார். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை பிரஷ்ஷை வெளியே எடுத்து நிறுத்துவதுதான். சாப்பாடெல்லாம் அதற்குப் பிறகு. தலைகீழாகத் தொங்கவிடுவதா, பிடியில் நிறுத்துவதா என்று கேட்டால், உதறிய பிறகு எப்படி வைத்தாலும் காயும். பிடி நிற்காமல் உருளும் என்றால் என் அப்பா செய்தது போல நூலில் மாட்டிக்கொள்ளலாம். வெயில் படுகிறதே என்று லோரியின் முன் கண்ணாடிக்கு அடியில் மட்டும் வைக்க வேண்டாம். அந்தச் சூட்டில் பசை இளகும்.

அளவு சின்னதாக இருக்கட்டும். கற்றையின் அடி 20 முதல் 22 மில்லிமீட்டர் அகலம் போதும். பெரிய கற்றை அழகுதான்; ஆனால் காயவும் நாளாகும், சோப்பையும் தின்னும். மரப்பிடி ஈரத்தில் ஊறி வெடிக்கும். இரும்புப் பிடி கனம். பிளாஸ்டிக் பிடியே நல்லது, அதிலும் கண்ணைப் பறிக்கிற நிறமாக. வெள்ளைப் பிடியை வெள்ளைப் பீங்கான்மேல் வைத்துவிட்டு எத்தனை பேர் லோரி ஏறியிருக்கிறார்கள், தெரியுமா? கற்றையைத் திருகிப் பிடிக்குள்ளேயே மறைத்துக்கொள்கிற மடக்குப் பிரஷ்ஷும் உண்டு. பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஈரத்தோடு பிடிக்குள் போய் உட்கார்ந்துகொள்வதால் எனக்கு அது பிடிக்கவில்லை.

கடையில் பார்க்கும்போது கற்றையை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஓரிரண்டு இழை வந்தால் பரவாயில்லை, புதுப் பிரஷ்ஷில் அது சகஜம். கொத்தாக வந்தால் கீழே வையுங்கள். கிள்ளானில் தெங்கு கெலானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பலசரக்குக் கடைகளில் தொங்கும் பிரஷ் எல்லாவற்றிலும் முடி இன்னதென்று எழுதியிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். வாங்கிய பிறகும் சந்தேகம் இருந்தால் தானே உதிர்ந்த இழை ஒன்றை நெருப்புக் குச்சியில் காட்டுங்கள். நைலான் உருகி நுனியில் குட்டிக் குண்டாகத் திரளும். பிராணி முடி பொசுங்கி, தலைமுடி எரிந்த நாற்றம் அடிக்கும், நசுக்கினால் சாம்பலாகும். இது பிராணியா நைலானா என்று மட்டும் சொல்லுமே தவிர, எந்தப் பிராணி என்று சொல்லாது.

பழைய பிரஷ்ஷைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலாம் உலகப் போர்க் காலத்தில் சவர பிரஷ் ஆளைக் கொன்றிருக்கிறது என்றால் நம்புவீர்களா? நச்சுப் புகைக் கவசம் முகத்தில் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்க வேண்டும் என்று போர்வீரர்கள் தாடியை மழிக்க வேண்டியிருந்தது. பிரஷ் தேவை கூடிற்று. போரினால் ஐரோப்பாவிலிருந்து சுத்தம் செய்த பேட்ஜர் முடி வருவது தடைப்பட்டது. அதற்குப் பதிலாகக் கீழ்த்திசை நாடுகளிலிருந்து வந்த குதிரை முடியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் கட்டி விற்றார்கள். அதில் ஆந்த்ராக்ஸ் கிருமி இருந்தது. நம் ஊர் மாட்டுக்காரர்கள் அடைப்பான் என்று சொல்லும் அதே நோய்தான். மழிக்கும்போது பட்ட சின்னக் கீறல் வழியாக உள்ளே போயிற்று. 1915இல் தொடங்கி அமெரிக்க, பிரிட்டிஷ் படையினரும் பொதுமக்களுமாக இருநூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். பிரிட்டன் 1920இல் ஜப்பானிலிருந்து சவர பிரஷ் இறக்குமதியையே தடை செய்தது. இன்றைக்குக் கடையில் வாங்கும் பிரஷ்ஷுக்கு அந்தப் பயம் வேண்டாம். ஆனால் அந்தக் கிருமியின் வித்து பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடியது. ஆகவே பழஞ்சாமான் சந்தையில் தந்தப்பிடி போட்ட நூறு வருஷத்துப் பிரஷ் கிடைத்தால் அலமாரியில் வைத்து அழகு பாருங்கள், முகத்தில் வைக்காதீர்கள்.

அடைப்பானை விடுங்கள். நம் பிள்ளைகளுக்கு அன்றாடம் வருகிற தொல்லை வேறு. தொழிற்சாலை விடுதியில் ஆறு பேர் ஒரு குளியலறை, ஒரு பிரஷ், சில இடத்தில் ஒரே ரேசர்கூட. ஒருவன் முகத்துக் கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறு முகத்திலும் இருக்கும். முடிக்குழியில் சீழ் பிடிக்கும் இந்த நோய்க்கு ஆங்கிலேயர் நாவிதர் அரிப்பு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நான் சிறுவனாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வரும் நாவிதர் ஒரே பிரஷ்ஷால் இருபது பேருக்குப் பூசுவார். யாரும் குறை சொன்னதில்லை; தாடையில் புண்ணோடு திரிந்தவர்களும் குறைவில்லை. ரேசர் இன்னும் மோசம். இரத்தம் பட்ட பிளேடில் மஞ்சள் காமாலை வகையான ஹெப்படைட்டிஸ் பி தொற்றும். எவ்வளவு நெருங்கிய தோழனாக இருந்தாலும் பிரஷ்ஷும் ரேசரும் அவரவர்க்குத் தனித்தனி. பச்சைப் பிடியும் சிவப்புப் பிடியும் வாங்கி வந்தவர் அதைத்தான் செய்தார்.

கேரித் தீவு அம்மாவுக்கு: நைலான் பிரஷ் வாங்குங்கள் அம்மா. சின்னதாக, நல்ல சிவப்பிலோ மஞ்சளிலோ. ஓட்டை போட்ட போத்தல் ஒன்றை நீங்களே செய்து கொடுங்கள். சோப்புக் கட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்; தேங்காய் எண்ணெயிலும் செம்பனை எண்ணெயிலும் செய்த கட்டிகள் இருக்கின்றன. உங்கள் மகனோடு கூட ஓடுபவர் யார் என்று கேட்டு வையுங்கள். அவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தால் பெரிய செலவாகிவிடாது.

நான் 2016இல் வாங்கிய பிரஷ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். என் அக்காள் மகன் தூக்கிப் போடவில்லை. என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். பின்கட்டுக் கொட்டகையில் ஒரு கொக்கியில் தொங்குகிறது. மாதம் ஒரு முறை என் மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் தடவுகிறேன். அந்த வேலைக்கு அது அருமையான பிரஷ். பொன்னெழுத்து இன்னும் அழியவில்லை.